ஆபீஸ் பாட்லக்கா? டப்பா காலியா வீடு திரும்ப என்ன செய்யலாம்?

"இந்த வெள்ளிக்கிழமை லஞ்ச் பாட்லக்! யார் யார் என்ன கொண்டு வர்றீங்க?"

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் வந்து விழுந்ததும் நடக்கிற கூத்து எல்லா ஆபீஸிலும் ஒன்றுதான். முதல் ரெண்டு நிமிஷத்தில் நாலு பேர் 'லெமன் ரைஸ்' என்று டைப் செய்திருப்பார்கள். அடுத்த நிமிஷமே மூணு பேர் 'பேப்பர் பிளேட் நான்', 'கூல் டிரிங்க்ஸ் நான்', 'ஸ்பூன் நான்' என்று துண்டு போட்டு இடம் பிடித்திருப்பார்கள். மீதிப் பேர் நீல டிக்கோடு அமைதி. ஹாஸ்டலில், பிஜியில் இருப்பவர்கள் மட்டும் 'நமக்கு எதுக்கு வம்பு' என்று அன்றைக்கு லீவ் போடலாமா என யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

கேட்க ஜாலியாக இருந்தாலும், அந்த நாளில் ஒரு சின்ன வலியும் உண்டு. காலை நாலரைக்கு எழுந்து (பல வீடுகளில் எழுவது நாம் இல்லை, அம்மா) செய்து, பஸ்ஸிலும் டிரெயினிலும் மடியில் வைத்துக் கொண்டுபோன டப்பா, முக்கால்வாசி அப்படியே வீடு திரும்புவது. "எல்லாரும் சாப்ட்டாங்களாப்பா?" என்று அம்மா கேட்கும்போது டப்பா கனமாக இருந்தால் பதில் சொல்ல வராது. பெரும்பாலும் அது ருசியின் குற்றம் கிடையாது. தப்பான ஐட்டம், தப்பான அளவு, தப்பான டப்பா. இந்த மூணில் ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

பேருதான் புதுசு

'பாட்லக்' பழைய ஆங்கில வார்த்தை. தாமஸ் நாஷ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1592-லேயே அதைப் பயன்படுத்தியிருக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் வந்த விருந்தாளிக்குப் பானையில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதுதான் அவர் அதிர்ஷ்டம் என்பதுதான் முதல் அர்த்தம். ஆளுக்கொரு ஐட்டம் கொண்டுவருவது என்ற அர்த்தம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

நமக்கு விஷயம் புதுசு இல்லை. சின்ன வயசில் ஆளுக்கொரு பிடி அரிசி, பருப்பு கொண்டுவந்து ஆக்கின கூட்டாஞ்சோறு இருக்கிறது. ஆடிப்பெருக்கு அன்றைக்குக் காவிரிக் கரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, புளி சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று பிரித்து வைத்துக்கொண்டு, பக்கத்துக் குடும்பத்துக்கும் ஒரு கரண்டி நீட்டுவதும் இதேதான். காலையில் கட்டி, மதியம் பிரித்து, சூடு பண்ணாமல் சாப்பிட வேண்டிய சாப்பாடு. கட்டுச்சோறு. அதற்கென்றே தேறி வந்த ஐட்டங்கள் இவை. பாட்லக்குக்கு என்ன செய்வது என்று யூடியூபில் தேடும் முன், பாட்டி ரயில் பயணத்துக்கு என்ன கட்டிக் கொடுப்பார் என்று ஒரு நிமிஷம் யோசித்தாலே பாதி வேலை முடிந்தது.

தேர்ந்தெடுக்கும் முன்னாடி

காலை ஏழு மணிக்குச் செய்தால் சாப்பிடுவது ஒரு மணிக்கு. நடுவில் ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரத்தில் உங்கள் ஐட்டம் என்ன ஆகும் என்பதுதான் முதல் கேள்வி. தோசை வறட்டியாகும். பூரி தோல் மாதிரி இழுக்கும். பஜ்ஜி நமத்துப்போகும். வெண்பொங்கல் கெட்டித்து, கரண்டியை வைத்தால் மொத்தமாகத் தூக்கிக்கொண்டு வரும். நூடுல்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது ஒரே துண்டாக டப்பாவின் வடிவத்தில் வெளியே வரும். இவையெல்லாம் நல்ல சாப்பாடுதான், ஆனால் அடுப்புக்குப் பக்கத்திலேயே சாப்பிட வேண்டியவை.

இரண்டாவது கேள்வி, ஒரு கையில் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிட முடியுமா? தட்டில் ஏற்கெனவே ஆறு ஐட்டம் இருக்கும். அதன் மேல் ரசமோ, தண்ணிக் குழம்போ ஊற்றினால் கேசரிக்குள் மிளகு மிதக்கும். முள் உள்ள மீன், எலும்போடு வரும் மட்டன் எல்லாம் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட வேண்டியவை. அதோடு, ஏசி ஹாலில் மீன் குழம்பு டப்பாவைத் திறந்தவரை அந்த ஃப்ளோர் ஒரு வாரத்துக்கு மறக்காது.

இந்த ரெண்டு கேள்வியையும் தாண்டி வருகிற ஐட்டங்கள் நிறைய இருக்கின்றன.

புளியோதரையை அடிச்சுக்க ஆளில்லை

பாட்லக்குக்கு ஒரே ஒரு ஐட்டம் சொல்லச் சொன்னால், தயங்காமல் புளியோதரை. மத்த சாதமெல்லாம் நேரம் ஆக ஆக இறங்குமுகம், புளியோதரை மட்டும் ஏறுமுகம். காலையில் கலந்தது மதியம்தான் சாதத்துக்குள் ஊறி ருசிக்கும்.

வேலையை முந்தின நாளே முடித்துவிடலாம் என்பது இன்னொரு வசதி. அரை கிலோ அரிசிக்கு சுமார் 75 கிராம் புளி, 100 மில்லி நல்லெண்ணெய். புளியைக் கெட்டியாகக் கரைத்து, கடுகு, கடலைப் பருப்பு, வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, மஞ்சள், உப்பு சேர்த்து, எண்ணெய் மேலே பிரிந்து மிதக்கிற வரை கொதிக்கவிட வேண்டும். இதுதான் புளிக்காய்ச்சல். தனியா, கடலைப் பருப்பு, மிளகாய், கொஞ்சம் வெந்தயம், எள் ஆகியவற்றை வறுத்து அரைத்த பொடியைக் கலக்கும்போது தூவிக்கொள்ளலாம். வெந்தயத்தை மட்டும் கருகவிடாதீர்கள், மொத்தமும் கசந்துவிடும்.

காலையில் செய்ய வேண்டியது சாதம் வடிப்பது மட்டும்தான். அதை அகலமான தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, முழுசாக ஆறினதும் புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்தால் சாதம் குழைந்து, கோயில் பிரசாதமாக வர வேண்டியது புளிப்பொங்கலாக வந்து நிற்கும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் வைக்காதீர்கள். புளிப்பு அதை அரிக்கும், ருசியும் மாறும். எவர்சில்வர்தான் சரி.

லெமன் ரைஸ் இதைவிட ஈஸி, அதனால்தான் நாலு பேர் கொண்டு வருகிறார்கள். உங்களுக்கு அதுதான் வரும் என்றால் ஒரே ஒரு விஷயம்: தாளிப்பை அடுப்பிலிருந்து இறக்கின பிறகு சாறு சேர்க்க வேண்டும். கொதிக்கவிட்டால் கசக்கும். அரை கிலோ அரிசிக்கு நடுத்தர சைஸில் நாலு பழம் போதும்.

தயிர் சாதத்துக்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு. காரமான சிக்கனும் மசாலா வடையும் உள்ளே போன பிறகு எல்லோரும் தேடுவது அதைத்தான். ஆனால் வீட்டில் செய்கிற மாதிரியே தயிர் ஊற்றிக் கொண்டுபோனால் மதியம் புளித்திருக்கும், இறுகியும் இருக்கும். அரை கிலோ அரிசியைக் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து, காய்ச்சின பால் ஒரு லிட்டர் விட்டு, ஆறினதும் ஒரு கப் தயிர் மட்டும் சேருங்கள். பாலில் தயிர் மெதுவாக வேலை செய்து மதியம் சரியான பதத்துக்கு வந்திருக்கும். ஆபீஸ் போனதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மாதுளை, திராட்சை எல்லாம் சாப்பிடுவதற்கு முன்னாடி தூவினால் போதும். சீக்கிரமே போட்டால் நீர் விட்டுவிடும்.

கையில எடுத்து வாயில போடுற ஐட்டம்

ஒரு பாட்லக் டேபிளில் முதலில் காலியாவது எது என்று கவனித்துப் பாருங்கள். சாதம் கிடையாது. கரண்டி தேவைப்படாத, ஒரே வாயில் போகிற ஐட்டங்கள்தான். பொடி இட்லி, குழிப்பணியாரம், மசாலா வடை, கட்லெட்.

இதில் பொடி தடவின மினி இட்லி, சமையல் தெரியாதவர்களுக்கும் கைகொடுக்கும். மாவு கடையில் கிடைக்கும், பொடியும் கிடைக்கும். ஆளுக்கு நாலஞ்சு கணக்கில் 20 பேருக்கு 100 மினி இட்லி. இட்லி முழுசாக ஆறினதும் நல்லெண்ணெயில் குழைத்த பொடியில் புரட்ட வேண்டும். எண்ணெயில் கஞ்சம் பிடிக்காதீர்கள். இட்லி காயாமல் மதியம் வரை மெத்தென்று இருப்பதற்கு அந்த எண்ணெய்தான் காரணம். கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

குழிப்பணியாரம், ரெண்டு நாள் ஆகி லேசாகப் புளித்த இட்லி மாவுக்குக் கிடைத்த மறுபிறவி. வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கிப் போட்டால் காரப் பணியாரம், வெல்லமும் ஏலக்காயும் சேர்த்தால் இனிப்புப் பணியாரம். தொட்டுக்கொள்ளத் தேங்காய் சட்னி வேண்டாம். நம்ம ஊர் வெயிலில் மதியத்துக்குள் அது ஊசிப்போக வாய்ப்பு அதிகம். தக்காளித் தொக்கு எடுத்துக்கொண்டு போங்கள். சாதத்துக்கும் ஆகும், இட்லிக்கும் ஆகும், சப்பாத்தி கொண்டுவந்தவர் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார். சொல்லப்போனால், நல்ல தொக்கு ஒரு பாட்டில் கொண்டு வருகிறவருக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை எந்த ஆபீஸிலும் கிடைப்பதில்லை.

மசாலா வடையில் ஒரு நுணுக்கம். எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு டப்பாவில் போட்டு மூடினால் ஆவி உள்ளேயே தண்ணீராகி வடையை ஊற வைத்துவிடும். முழுசாக ஆறவிட்டு, அடியில் காகிதம் போட்டு, மூடியை லேசாகத் திறந்த மாதிரி வைத்துக் கொண்டுபோக வேண்டும். மெதுவடைக்கு இந்த வித்தையும் பலிக்காது. அதை தயிர் வடையாக மாற்றிக் கொண்டுபோவதுதான் புத்திசாலித்தனம்.

எண்ணெய் வேண்டாம் என்பவர்களுக்கு சுண்டல். அரை கிலோ கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறவைத்தால் 15, 20 பேருக்குத் தாராளம். தேங்காய்த் துருவலையும் மாங்காயையும் தனி டப்பாவில் கொண்டுபோய் அங்கே கலந்தால், மெரினாவையே மீட்டிங் ரூமுக்குக் கொண்டுவந்த எஃபெக்ட் கிடைக்கும்.

நான்வெஜ் கொண்டு வர்றீங்களா?

பிரியாணி பற்றி முதலில் சொல்லிவிடலாம். ஒருத்தர் அண்டாவில் பிரியாணி கொண்டு வந்தால் மற்ற பத்து டப்பாவையும் யாரும் சீண்ட மாட்டார்கள். அப்புறம் அது பாட்லக் இல்லை, பிரியாணி ட்ரீட். அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

பாட்லக்குக்குச் சரியானது எலும்பில்லாத, குழம்பில்லாத சிக்கன். மிளகு போட்டுச் சுருள வதக்கின வறுவல், புளியோதரைக்கும் போகும், தயிர் சாதத்துக்கும் போகும். 20 பேருக்கு ஒண்ணரை கிலோ போன்லெஸ் போதும். பாதிப் பேர் சைவமாக இருப்பார்கள், அல்லது அன்றைக்கு மட்டும் சைவமாக இருப்பார்கள். இன்னும் எளிதாக வேண்டுமென்றால் முட்டை. வேகவைத்த 15 முட்டையை ரெண்டாக வெட்டி, வெங்காயம் தக்காளி மசாலாவில் புரட்டினால் 30 துண்டு.

தேதி பார்த்துக்கொள்ளுங்கள். புரட்டாசி மாதம், அதாவது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை, பல வீடுகளில் அசைவம் கிடையாது. கார்த்திகையில் மாலை போட்டிருப்பவர்கள் இருப்பார்கள். ரமலான் நோன்பு நாட்களில் மதிய பாட்லக் வைப்பது, கூட வேலை பார்க்கும் சிலரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு நாம் மட்டும் சாப்பிடுவதற்குச் சமம். அதை ரெண்டு வாரம் தள்ளிவைப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. சிக்கன் கொண்டு வருகிறவர், அது ஹலால் கடையில் வாங்கியதா என்பதைக் கேட்பதற்கு முன்னாடியே சொல்லிவிட்டால் நல்லது.

'இதுல என்ன இருக்கு?'

டப்பா மேல் ஒரு ஸ்டிக்கி நோட் ஒட்டுங்கள். ஐட்டத்தின் பெயர், உங்கள் பெயர், உள்ளே என்னென்ன இருக்கிறது. இதை யாரும் செய்வதில்லை, ஆனால் பாட்லக்கில் ரொம்ப முக்கியமான வேலை இதுதான்.

வேர்க்கடலை அலர்ஜி உள்ள ஒருவருக்கு, புளியோதரையில் பொடித்துக் கலந்த கடலை கண்ணில் படாது. எள், முந்திரியும் அப்படித்தான். தூத்துக்குடி மக்ரூனைப் பார்த்தால் சுத்த சைவ ஸ்வீட் மாதிரி இருக்கும், ஆனால் அது முந்திரியையும் முட்டை வெள்ளைக்கருவையும் அடித்துச் செய்வது. கோதுமை ஆகாதவர்களுக்குப் பெருங்காயத்தூள்கூடப் பிரச்னை, கடைகளில் விற்கும் பல பிராண்டுகளில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். ஜைன நண்பர்கள் வெங்காயம், பூண்டு மட்டுமல்ல, உருளைக்கிழங்கும் தொட மாட்டார்கள். வீகன் என்றால் நெய்யும் கிடையாது.

'தெரியாம சாப்ட்டா ஒண்ணும் ஆகாது' என்று கேக்கில் முட்டை இருப்பதை மறைக்கிற விளையாட்டு வேண்டவே வேண்டாம். அலர்ஜி உள்ளவருக்கு அது ஆஸ்பத்திரி வரை போகும். நம்பிக்கை சார்ந்து தவிர்ப்பவருக்கு, அடுத்த முறை உங்கள் டப்பா மேல் கை வைக்கவே மனசு வராது.

கூடவே ஒவ்வொரு டப்பாவுக்கும் தனிக் கரண்டி. சிக்கன் எடுத்த கரண்டியைத் தயிர் சாதத்தில் விட்டுவிட்டால், பத்து பேருக்கு அந்தத் தயிர் சாதம் அத்தோடு முடிந்தது. கரண்டி மறக்காமல் கொண்டுவருவது கொண்டுவந்தவர் பொறுப்பு.

வயித்தைக் கெடுக்காம இருக்கணும்

சமைத்த சாப்பாடு அறை வெப்பத்தில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெளியே 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பாதுகாப்பு விதி. சென்னையில் 32 டிகிரி எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கிருமிகள் வேகமாகப் பெருகுவது ஏறக்குறைய 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். அதனால் சூடான ஐட்டம் சூடாகவே இருக்க வேண்டும், குளிர்ந்த ஐட்டம் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். வெதுவெதுப்புதான் ஆபத்து.

சாதத்தில் ஒரு தனிச் சிக்கல். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். சாதம் வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அப்போது உருவாகிற ஒரு வகை நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. 'மைக்ரோவேவ்ல வெச்சுட்டா சரியாயிடும்' என்பது அதனால் உண்மை இல்லை. புளி, எலுமிச்சை, தயிர் ஆகியவற்றின் புளிப்பு கிருமி வளர்வதை மட்டுப்படுத்தும். கட்டுச்சோறு எல்லாம் ஏன் புளிப்பாகவே இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தேங்காய் சாதம், கிச்சடி, ஃப்ரைடு ரைஸ் ஆகியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவற்றைக் கொண்டுவருபவர், ஒன்று நல்ல ஹாட்பாக்ஸில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

ஹாட்பாக்ஸை அப்படியே எடுத்து நிரப்பாதீர்கள். கொதிநீர் ஊற்றி மூடிப் பத்து நிமிஷம் வைத்து, கொட்டிவிட்டு, துடைத்த பிறகு சாப்பாட்டைப் போட்டால் சூடு இன்னும் நேரம் நிற்கும். சிக்கன், முட்டைக்கு ஆபீஸ் ஃப்ரிட்ஜ்தான் இடம். ஃப்ரிட்ஜே இல்லாத ஆபீஸ் என்றால் மே மாத பாட்லக்கில் நான்வெஜ்ஜை விட்டுவிடுவது நல்லது. மைக்ரோவேவ் ஒன்றுதான் இருக்கும், க்யூ நீளும். 12 மணிக்கே ஒருத்தர் போய் ஒவ்வொன்றாகச் சூடு பண்ண ஆரம்பித்தால்தான் ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிட முடியும்.

ஸ்வீட்டுக்குக் கேசரி

பால் பாயசம் பைக்கில் வந்தால் பாதி பையில் இருக்கும். சேமியா பாயசம் சிந்தாது, ஏனென்றால் மதியத்துக்குள் அது பாயசமாகவே இருக்காது. காய்ச்சின பால் ஒரு பாட்டில் தனியாகக் கொண்டுபோய்க் கலந்துகொள்ளத் தெம்பு இருந்தால் செய்யலாம்.

ரவா கேசரிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ரெண்டு கப் ரவைக்கு அஞ்சு கப் தண்ணீர், மூணு கப் சர்க்கரை, ஒரு கப் நெய். ரவையை நெய்யில் வாசம் வர வறுத்து, கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கிளறி, முழுசாக வெந்த பிறகுதான் சர்க்கரை. முன்னாடியே போட்டால் ரவை அப்புறம் வேகாது. நெய் தடவின தட்டில் கொட்டி, ஆறினதும் துண்டு போட்டால் 20 பேருக்குக் கையிலேயே எடுத்துச் சாப்பிட வசதி.

சமைக்கவே வராது, அடுப்பே இல்லை என்கிற ஹாஸ்டல்வாசிகளே, கடையில் வாங்கினால் மரியாதை குறையாது. ஆனால் பக்கத்துக் கடை சிப்ஸ் பாக்கெட்டை நீட்டாதீர்கள். உங்கள் ஊரிலிருந்து ஏதாவது கொண்டு வாருங்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, 2020-ல் வாங்கின கோவில்பட்டி கடலை மிட்டாய், மணப்பாறை முறுக்கு, திருநெல்வேலி அல்வா, ஊட்டி வர்க்கி. வீட்டுக்குப் போய்விட்டு வரும் வாரத்தோடு பாட்லக் தேதி ஒத்துப்போனால், அன்றைக்கு டேபிளில் ஸ்டார் நீங்கள்தான்.

பேப்பர் பிளேட் கோஷ்டி

இப்போது அந்த 'பிளேட் நான் கொண்டு வர்றேன்' கோஷ்டிக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்து ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் பிளேட்டும் கப்பும் அதில் அடக்கம். பாக்குமட்டைத் தட்டு, மந்தாரை இலை, வாழை இலை வாங்கலாம். வீட்டிலிருந்து ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு கொண்டுவரச் சொன்னால் செலவே இல்லை. அப்புறம் பிளேட் கோஷ்டிக்கு வேலையும் இல்லை.

சொல்லாமல் இருக்க முடியாத ஒன்று. ஷீட்டை எடுத்துப் பாருங்கள். சமைத்துக் கொண்டு வருகிற பெயர்கள் பெரும்பாலும் பெண்களுடையதாகவும், தட்டு, கூல் டிரிங்க்ஸ், டிஷ்யூ எல்லாம் ஆண்களுடையதாகவும் இருக்கிறதா? அந்த ஒரு வெள்ளிக்கிழமைக்காக வியாழக்கிழமை ராத்திரி 11 மணிக்குக் கடலை ஊறவைப்பவர் யார்? சுண்டல் செய்ய ஒரு குக்கரும் உப்பும் போதும் ப்ரோ. தக்காளித் தொக்குக்கு 40 நிமிஷம். இல்லையா, சாப்பிட்டு முடித்ததும் டேபிள் துடைப்பது, பாத்திரம் கழுவுவது, குப்பை கொண்டுபோய்ப் போடுவது மொத்தமும் உங்கள் கோஷ்டி பொறுப்பு என்று ஷீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

ஷீட் போடுகிறவர் ஒரு விஷயத்தைப் பிடிவாதமாகச் செய்ய வேண்டும். 'என்ன கொண்டு வர்றீங்க?' என்று திறந்த கேள்வி கேட்கக் கூடாது. சாதம் 3, டிபன் 3, தொட்டுக்க 3, நான்வெஜ் 2, ஸ்வீட் 2, பழம் 1 என்று முன்கூட்டியே கட்டம் போட்டு, நிரம்பினதும் அந்த வரிசையை மூடிவிட வேண்டும். நாலு லெமன் ரைஸ் பிரச்னை அத்தோடு காலி.

அளவு எவ்வளவு? '20 பேர்னா 20 பேருக்கும் வயிறு நிறையற மாதிரி செய்யணும்'னு நினைத்துத்தான் டப்பா மிஞ்சுகிறது. ஒருத்தர் உங்கள் ஐட்டத்தில் ரெண்டு கரண்டி எடுப்பார், அவ்வளவுதான். மூணு சாதம் வருகிறது என்றால் ஆளுக்கு அரை கிலோ அரிசி போதும். ரெண்டு கிலோ போட்டுவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்காதீர்கள்.

டப்பாவும் பத்திரம். 'பேன்ட்ரியில் வெச்சேன், காணோம்' என்பது பாட்லக் மறுநாள் குரூப்பில் வழக்கமாக வரும் மெசேஜ். பாத்திரத்தில் பெயர் வெட்டி வைத்த நம்ம பாட்டிகள் சும்மா செய்யவில்லை. மூடியில் ஒன்று, டப்பாவில் ஒன்று என்று ரெண்டு இடத்திலும் மார்க்கரில் பெயர் எழுதுங்கள், மூடிதான் முதலில் தொலையும்.

சாப்பிடக் கூப்பிடும்போது செக்யூரிட்டி அண்ணனையும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களையும் முதல் ரவுண்டிலேயே தட்டோடு கூப்பிடுங்கள். ஆள் கணக்கு எடுக்கும்போதே அவர்களையும் சேர்த்து எழுதிவிட்டால் அளவும் சரியாக வரும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மூணு மணிக்கு, ஆறிப்போன மிச்சத்தை மட்டும் கவரில் கட்டி நீட்டுவது வேண்டாம். அதுவும் மூணு மணி நேரம் வெளியே இருந்த சிக்கனைக் கொடுக்கவே கூடாது, நாம் சாப்பிடத் தயங்குகிற ஒன்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். அதைக் கொட்டிவிடுங்கள். புளியோதரை, தொக்கு, முறுக்கு, கேசரி மிஞ்சினால் விருப்பப்பட்டவர்கள் பிரித்துக்கொண்டு போகலாம். கேசரி மிஞ்சினதாக இதுவரை தகவல் இல்லை.

கிளம்புவதற்கு முன்னாடி டப்பாவை பேன்ட்ரியிலேயே ஒரு அலசு அலசிவிடுங்கள். வெள்ளிக்கிழமை பைக்குள் மறந்த தயிர் சாத டப்பாவைத் திங்கள்கிழமை காலை மெட்ரோவில் திறந்து பார்க்கிற அனுபவம் உங்களுக்கும் வேண்டாம், பக்கத்து சீட்டுக்காரருக்கும் வேண்டாம்.